நூலின் வாதமும் கல்வெட்டின் சாட்சியும்

வரலாறு பயிலும் கல்லூரி மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளுள் திறனாய்வு மதிப்புரை எழுதுதல் கடினமான ஒன்று. ஏனெனில், நூலின் உள்ளடக்கத்தைச் சுருக்கித் தருவதோடு அதில் வேலை முடிந்துவிடுவதில்லை. நூலாசிரியரின் முடிவு அவர் காட்டும் சான்றுகளின் மேல் உறுதியாக நிற்கிறதா என்பதை மாணவரே ஆராய்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இயல்வாரியாகச் சுருக்கம் எழுதி, கடைசியில் 'பயனுள்ள நூல்' என்று பாராட்டி முடித்துவிட்டால், நூலின் பொருள் இன்னதென்று வாசகர் அறிந்துகொள்வாரே தவிர, அந்நூல் எதற்காக வாதிடுகிறது என்பதை அறியமாட்டார். இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே மதிப்புரையின் முதல் வேலை.

சோழர் வரலாற்றைப் பற்றிய ஆய்வுநூல்கள் இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக்களமாக அமைகின்றன. இடைக்காலத் தென்னிந்தியாவின் உழவர் சமூகத்தையும் அரசையும் குறித்துப் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பொருள் பல்லவர் காலம் முதல் விசயநகர காலம் வரை விரிந்தாலும், அதன் வாதம் ஒன்றே: சோழ அரசு ஒரே மையத்திலிருந்து ஆளப்பட்ட பேரரசு அன்று, நாடுகள் எனப்பட்ட வேளாண் வட்டாரங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்டன, மன்னரின் நேரடி அதிகாரம் மையப்பகுதியோடு நின்றுவிட, அதற்கு வெளியே அவருடைய தலைமை சடங்குநிலையில் மட்டுமே ஏற்கப்பட்டது. கூறாக்க அரசு என்று தமிழில் குறிக்கத்தக்க இந்த முன்மாதிரியை, கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் செய்த மானிடவியல் ஆய்விலிருந்து ஸ்டைன் எடுத்துக்கொண்டார்.

இந்த வாதம் யாரை மறுத்து எழுந்தது என்பதை அறியாமல் அதை மதிப்பிட இயலாது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1935-லும் 1937-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட சோழர் வரலாறு, வலிமை மிக்க அதிகார வர்க்கமும் துடிப்பான ஊராட்சி அவைகளும் ஒருங்கே விளங்கிய ஆட்சியைச் சித்திரித்தது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் எவ்வாறு முழு வலிமையோடு இருந்திருக்க முடியும் என்பது ஸ்டைன் எழுப்பிய கேள்வி. அவருடைய விடையை ஏற்காதவர்களும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அதன் பெருமையைச் சொல்லாத மதிப்புரை நேர்மையானதாகாது.

மதிப்புரையின் உயிர்நிலை சான்றுகளைச் சோதிக்கும் பகுதியில்தான் இருக்கிறது. எல்லாக் கல்வெட்டுகளையும் ஒரு மாணவர் படித்துவிட முடியாது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருப்பதால், அவற்றுள் சிலவற்றையேனும் அவர் நேரில் பார்க்கலாம். பிராமணர் குடியிருப்புகளான பிரமதேயங்களின் சபைகள் கோயிலுக்குக் கருவூலப் பணியாளர்களையும் கணக்கர்களையும் அனுப்ப வேண்டுமென்றும், பிற ஊர்கள் காவலர்களை அனுப்ப வேண்டுமென்றும் முதலாம் இராசராசன் ஆணையிட்டதையும், ஈழம் உட்படத் தொலைவிலிருந்த பகுதிகளின் ஊர்களிலிருந்தும் கோயிலுக்கு வருவாய் ஒதுக்கப்பட்டதையும் அவை பதிவு செய்துள்ளன. சடங்குத் தலைமையை ஊர்கள் விரும்பி ஏற்றதன் அடையாளமாக இதைக் கொள்வதா, ஊர்களின் ஆளையும் பொருளையும் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் மன்னரிடம் இருந்ததன் அடையாளமாகக் கொள்வதா? முன்மாதிரி முன்கூட்டியே தந்துவிட்ட விடையை ஒதுக்கி வைத்து, மாணவர் இங்கே தம் தீர்ப்பைக் காரணத்தோடு கூற வேண்டும். நாடுகளைத் தொகுத்து, தன் பட்டப்பெயர்களால் வளநாடுகளை இராசராசன் அமைத்ததும், நில அளவை நடத்தியதும், புரவுவரித் திணைக்களம் என்ற வருவாய்த்துறை கல்வெட்டுகளில் இடம்பெறுவதும் இரண்டாவது விளக்கத்துக்கே வலுச் சேர்க்கின்றன.

நாடுகளின் எல்லைகளை எ. சுப்பராயலு வரைபடங்களாக்கி 1973-இல் வெளியிட்ட நூலை ஸ்டைன் பெரிதும் பயன்படுத்தினார். அதே சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணிக்கை முறையில் தொகுத்து ஆராய்ந்தபோது, ஸ்டைன் கருதியதைவிட வலுவான ஆட்சியமைப்பையே கண்டனர். ஒரே தரவு இரு முடிவுகளுக்கு இடமளிக்கும் இத்தகைய இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் மாணவர், பத்துப் பக்கச் சுருக்கத்தால் பெற முடியாத தெளிவைப் பெறுகிறார். ஸ்டைனின் முன்மாதிரியைச் சான்றுகளின் முன் நிறுத்தி ஆர். செம்பகலட்சுமி 1981-இல் எழுதிய மதிப்புரைக் கட்டுரை, மாணவர்கள் இத்துறையில் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்று.

மதிப்புரையின் வடிவத்தைப் பொறுத்தவரை, நூல் விவரம், பக்க எண், மேற்கோள் முறை ஆகியவற்றைத் துறையின் வழக்கப்படி அமைத்துக்கொண்டால் போதும். விடுபட்டவற்றைக் குறையாகச் சொல்லும்போதுதான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. சோழர் காலச் சிற்பக்கலையைப் பற்றி ஸ்டைன் விரிவாக எழுதவில்லை என்பது குறையாகாது, அவர் எழுத முனைந்த நூல் அதுவன்று. வரிவிதிப்பைப் பற்றிய சான்றுகளுக்கு அவர் போதிய இடமளிக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அரசு ஊர்களின் விளைச்சலில் எந்த அளவுக்குக் கை வைத்தது என்பதையே அவருடைய வாதம் சார்ந்திருப்பதால், அக்குறை நூலின் அடித்தளத்தையே தொடுகிறது.