கல்லுக்குள் திறக்கும் ஊற்றுக்கண்

திண்டுக்கல் சமவெளியில் கிணறு வெட்டினால் முதலில் செம்மண், அடுத்து உதிரும் பாறை, பிறகு கடப்பாரைக்கு மசியாத கல். அந்தக் கல்லில் தண்ணீர் தங்குவது வெடிப்புகளில்தான். கிணறு வற்றினால் அடியிலிருந்து பக்கவாட்டில் ‘சைடு போர்’ போடுகிறார்களே, அது வெடிப்பைத் தேடித்தான். வெடிப்பு சிக்கினால் ஊற்றுக்கண் திறக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வெறும் கல்தூள்.

நிலநடுக்கமும் இதே வேலையைச் செய்யும், யாரும் கேட்காமலேயே.

அதிர்வலை கடக்கும்போது பாறை நசுங்கி விரிகிறது. வெடிப்பிலுள்ள தண்ணீர் கிணற்றுக்குள் ஏறி இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின்போது, பூமியின் மறுபக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கிணறு ஒன்றில் நீர்மட்டம் மூன்றடி ஊசலாடியது. அங்கே மனிதர் யாருக்கும் அதிர்வு தெரியவில்லை.

ஊசலாட்டம் அடங்கிவிடும். ஆனால் வெடிப்பை அடைத்திருந்த களிமண்ணும் கசடும் அந்த அலைப்பில் கழன்றுவிட்டால், தண்ணீரின் பாதையே அகன்றுவிடுகிறது. நிலநடுக்கத்துக்குப் பின் சில ஊற்றுகள் கலங்கி வருவது இதனால்தான்.

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் கட்ச் ரண் பகுதியில் மணலும் தண்ணீரும் பீறிட்டன. பார்க்கப் பிரமிப்புதான். ஆனால் அது ஈரமணல் குலுங்கிக் குழம்பாகிப் பிதுங்கிய கதை. திண்டுக்கல்லின் பாறைக்கு அது பொருந்தாது. நமக்கு நெருக்கமானது 1989 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் நடந்தது. மலையடிவார ஓடைகளில் திடீரென நீர் பெருகியது. புதுத்தண்ணீர் ஏதும் பிறந்துவிடவில்லை. அகன்ற வெடிப்புகள் வழியாக மலைக்குள் சேமித்திருந்த நீர் வேகமாக வடிந்தது. மேட்டுப்பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் சில இடங்களில் 21 மீட்டர் வரை இறங்கியது. சில மாதங்களில் ஓடைகளும் பழைய அளவுக்குத் திரும்பின.

தமிழ்நாடும் குலுங்கியிருக்கிறது: 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. அப்படியொன்று மறுபடி வந்து, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிணறு பொங்கினால், ஊரே அதைத்தான் வேடிக்கை பார்க்கும். நானாக இருந்தால் முதலில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நின்றுபோனதா, மலையில் மழை பெய்ததா என்று விசாரிப்பேன். இரண்டும் இல்லையென்றால் மேலேறி, மலைமேல் இருக்கும் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று கயிறு விட்டு அளப்பேன்.