மனைவிக்கும் சொல்லாத ரகசியம்!

பாரத யுத்தம் முடிந்த பிறகு தருமபுத்திரருக்கு ஒரு பெரும் கோபம் வந்தது. கர்ணன் தமக்கு மூத்தவன் என்பதைத் தாய் குந்தி மறைத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில், இனிப் பெண்களிடம் ரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபித்துவிட்டாராம். அந்தப் பழியைத் தாய்க்குலம் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஆண்களின் சமாசாரம் என்ன? ரகசியத்தைக் காப்பதற்கென்றே சத்தியம் செய்துகொண்டு, முந்நூறு ஆண்டுகளாக ஒரு சங்கம் நடத்தி வருகிறார்கள்! அதுதான் பிரீமேஸன் சங்கம். கணவர் மாலையில் கறுப்பு உடை உடுத்தி, சிறு தோல்பையுடன் புறப்படுவார். பைக்குள் இருப்பது ஓர் ஏப்ரன். "அங்கே என்னதான் செய்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டால் ஒரு புன்னகைதான் பதில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனிதர் மாதா கோவிலில் மனைவியின் பக்கத்தில் மண்டியிடுவார். இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் பொருந்துமா என்பதுதான் கிறிஸ்தவ உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி.

மதுக்கடையில் பிறந்த சங்கம்

1717-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, லண்டன் புனித பவுல் ஆலயத்துக்கு அருகே ஒரு மதுக்கடையில் நான்கு குழுக்கள் கூடித் தலைமைச் சங்கத்தை அமைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இல்லை, 1721-ல்தான் அமைந்தது என்று அண்மையில் சில ஆராய்ச்சியாளர்கள் வாதாடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 'லாட்ஜ்' என்று பெயர். நம் ஊர் லாட்ஜை நினைத்துக்கொண்டு அறை வாடகை விசாரிக்கப் போய்விடாதீர்கள்! கோவில் கட்டிய கல் தச்சர்கள் தங்கி வேலை செய்த கொட்டகைக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் அது. தச்சர்களின் மட்டமும் கவராயமும் ஏப்ரனும் இந்தக் கனவான்களுக்குச் சின்னங்களாயின.

1723-ல் இவர்களுக்குச் சட்டப் புத்தகம் எழுதிக் கொடுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிராட்டஸ்டண்டு பாதிரியார்! எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் பொதுவான நெறி ஒன்றே போதும். மற்ற அபிப்பிராயங்கள் அவரவரைப் பொறுத்தவை என்று அவர் எழுதினார். கடவுளை நம்பாதவருக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்தக் கடவுளை 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி' என்று பொதுப் பெயரால்தான் அழைப்பார்கள்.

கண்ணைக் கட்டி ஒரு சத்தியம்

புதிதாகச் சேருபவரின் கண்களைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி அழைத்து வருவார்கள். வேத புத்தகத்தின் மேல் கை வைத்து, இனிமேல் தெரிந்துகொள்ளப் போகும் ரகசியங்களை வெளியிடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவேண்டும். மீறினால் கழுத்து அறுபடும், நாக்கு பிடுங்கப்படும் என்றெல்லாம் அந்தச் சத்தியத்தில் பயங்கரமான வாசகங்கள் இருந்தன. எவரையும் அப்படித் தண்டிப்பதில்லை, அவை வெறும் சம்பிரதாயம் என்றார்கள். 1986-ல் இங்கிலாந்துத் தலைமைச் சங்கமே அந்த வாசகங்களைச் சத்தியத்திலிருந்து எடுத்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் ரகசியந்தான் என்ன? ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளச் சில சொற்கள், சைகைகள், கை குலுக்கும் முறைகள். வேடிக்கை என்னவென்றால், 1730-லேயே சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் சடங்குகள் அனைத்தையும் புத்தகமாக அச்சிட்டு விற்றுவிட்டார்! அதன் பிறகும் ரகசியம் ரகசியமாகவே காக்கப்படுகிறது.

ரோமாபுரியின் தடை

1738-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளெமெண்டு ஒரு கட்டளை பிறப்பித்தார்: கத்தோலிக்கர் எவரும் இந்தச் சங்கத்தில் சேரலாகாது; சேர்ந்தால் திருச்சபைக்குப் புறம்பாவார். தவறு செய்யாதவர்கள் வெளிச்சத்துக்கு அஞ்சுவானேன் என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. 1884-ல் பதின்மூன்றாம் லியோ இன்னும் கடுமையாகக் கண்டித்தார்.

1983-ல் புதிய திருச்சபைச் சட்டம் வந்தபோது அதில் பிரீமேஸன் என்ற பெயரையே காணோம். தடை நீங்கிற்று என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், பிற்காலத்தில் போப்பாண்டவரான கார்டினல் ராட்ஸிங்கர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. சங்கத்தில் சேருவது கனமான பாவம், அப்படிச் சேர்ந்தவர் நற்கருணை வாங்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. 2023-ல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் ரோமாபுரி இதே பதிலைத்தான் தந்தது.

ஒருவர் மறைந்தார், ஒருவர் புளுகினார்

ரகசியம் இருக்கும் இடத்தில் அச்சமும் புளுகும் தேடி வந்துவிடும். இரண்டுக்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு.

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் சங்கத்தின் சடங்குகளைப் புத்தகமாக வெளியிடப் போவதாக 1826-ல் அறிவித்தார். மூன்று டாலருக்கும் குறைவான ஒரு கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள் இரவு யாரோ கடனைக் கட்டி அவரை வெளியே கொண்டுவந்து, வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. லுஸிந்தா என்ற இளம் மனைவி இரண்டு குழந்தைகளுடன் நிராதரவாய் நின்றாள். நாடே கொதித்தது. பிரீமேஸன் எதிர்ப்புக் கட்சி ஒன்றே தோன்றி, 1832 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு மாகாணத்தை வென்றது!

பிரான்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. லியோ டாக்ஸில் என்ற எழுத்தாளர் 1885-ல் மனம் திருந்திக் கத்தோலிக்கராகிவிட்டதாகச் சொல்லி, பிரீமேஸன்கள் சாத்தானை வணங்குகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். போப்பாண்டவரே அவருக்குப் பேட்டி அளித்தார். டயானா வான் என்ற பெண் அந்தப் பேய் வழிபாட்டிலிருந்து தப்பி வந்தாள் என்றும் கதை கட்டினார். 1897 ஏப்ரலில் பாரிஸ் நகரத்தில் கூட்டம் போட்டு, எல்லாம் நான் விட்ட சரடு என்று சிரித்தார். டயானா என்பது தம்மிடம் டைப் அடித்த பெண்ணின் பெயராம்! பக்தர்கள் தலை குனிந்தார்கள். எதிரியைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் நம்பிவிடுவதும் பக்திக்கு அழகல்ல என்பதற்கு இது ஒரு பாடம்.

சபையிலே ஒரு வாக்கெடுப்பு

இங்கிலாந்துத் திருச்சபையின் நிலை வேறு. 1953-ல் எலிசபெத் ராணிக்கு முடி சூட்டிய காண்டர்பரி ஆர்ச் பிஷப் ஜெப்ரி பிஷரே ஒரு பிரீமேஸன்! எனினும் 1987-ல் அத்திருச்சபையின் பொது மன்றத்தில் ஓர் அறிக்கை விவாதத்துக்கு வந்தது. கிறிஸ்தவத்துக்கும் இந்தச் சங்கத்துக்கும் பொருந்தாமை பற்றிப் பல சந்தேகங்களை அது எழுப்பியது. 394 பேர் அறிக்கையை ஆதரித்தார்கள். 52 பேர் எதிர்த்தார்கள். ஆனால் தடை எதுவும் விதிக்கவில்லை.

சந்தேகங்கள் என்ன? இன்னதென்று தெரியாத ஒன்றுக்காகக் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாமா? சத்தியமே வேண்டாம், ஆம் என்றால் ஆம் என்று சொன்னால் போதும் என்று போதித்தவரல்லவா ஏசுநாதர்? தாம் மறைவில் எதையும் போதிக்கவில்லை என்று விசாரணையில் சொன்னவரும் அவர்தானே? அவர் பெயரே வராத பிரார்த்தனையில் கிறிஸ்தவன் எப்படிக் கலந்துகொள்வான்?

சங்கத்தாரும் பதில் வைத்திருக்கிறார்கள். இது மதமே அல்ல. இங்கே மோட்சத்துக்கு வழி சொல்வதில்லை. அவரவர் மதத்தில் உறுதியாய் இருக்கவே சொல்கிறோம் என்கிறார்கள். தர்ம காரியத்துக்கும் குறைவில்லை. 1788-லேயே லண்டனில் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தியவர்கள் இவர்கள்.

பெண்களுக்கு இடமுண்டா?

பழைய சங்கத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அயர்லாந்தில் எலிசபெத் என்ற பெண் 1712 வாக்கில் தகப்பனார் வீட்டில் நடந்த சடங்கைப் பார்த்துவிட்டாளாம். விஷயம் தெரிந்த பிறகு வேறு வழியின்றி அவளையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். 1893-ல் பாரிஸில் ஆண், பெண் இருபாலாருக்கும் தனிச் சங்கம் ஒன்று தோன்றியது. 1902-ல் அதில் சேர்ந்தவர் யார் தெரியுமா? நம் அடையாற்று அன்னி பெசண்டு அம்மையார்!

கத்தோலிக்க ஆண்களுக்கென்று 1882-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மக்கிவ்னி என்ற இளம் பாதிரியார் 'கொலம்பஸ் வீரர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சம்பாதிக்கும் கணவன் இறந்தால் விதவையும் குழந்தைகளும் தெருவில் நிற்கக்கூடாது என்பது அவர் கவலை. அங்கும் சேர்க்கைச் சடங்கு ரகசியமாகத்தான் இருந்தது. 2020-ல் அந்தக் கதவைத் திறந்தார்கள். இப்போது மனைவி மக்கள் உட்கார்ந்து பார்க்க, கணவர் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். அதனால் சங்கம் கவிழ்ந்துவிடவில்லை!

ரகசியமே தீது என்று சொல்வதற்கில்லை. வைத்தியர் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு உயிர் போனாலும் வாய் திறவார். அவை இன்னொருவரின் மானத்தைக் காக்கும் மௌனங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே கொடுத்த வாக்கு அந்த இனத்தைச் சேர்ந்ததா என்பதை, தோல்பையுடன் புறப்படும் ஒவ்வொரு கணவரும் தம் மனச்சாட்சியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் நிற்கும் மனைவியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்!