வேலை, படிப்பு, வெப்சைட்: மூன்றையும் கவனிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், நமக்கென ஒரு வெப்சைட் இருந்தால் என்ன என்ற ஆசை பலருக்கும் வருகிறது. விளையாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த ஆசை சற்று அதிகமாகவே இருக்கும். வெப்சைட் அமைப்பது இன்று எளிது. ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். அதனைத் தொடர்ந்து நடத்துவதுதான் சிரமம். வேலைக்கும் சென்று, படித்துக் கொண்டும் இருப்பவர்களால் இது முடியுமா? முடியும். அதற்கான வழிகளை இங்கு பார்க்கலாம்.

நான் கொல்லிமலையில் செம்மேட்டில் வசிக்கிறேன். வாரத்தில் ஆறு நாட்கள் அலுவலக வேலை. தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு. அதற்கான வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல்லில் நடக்கின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும் என்பதால், பஸ் பயணமே பாதி நாளை எடுத்துக் கொள்ளும். இவற்றுடன், எங்கள் மலைக் கிராமங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளின் முடிவுகளைத் தரும் வெப்சைட் ஒன்றையும் நடத்துகிறேன். போட்டிகள் நடப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்!

பட்டம் பெற்றால்தான் எனக்குப் பதவி உயர்வு. எனவே வகுப்பை விட முடியாது. வெப்சைட்டையும் விட மனமில்லை. ஸ்கோர் எழுதிய தாள், ஆட்டம் முடிந்த மறுநாளே காணாமல் போய்விடும். நன்றாக ஆடும் பையன் ஒருவன் வெளியூரில் அணித் தேர்வுக்குச் சென்றால், தான் ஆடியதைக் காட்ட அவனிடம் ஒரு வரி கூட இருக்காது. அந்த ஒரு வரி என் வெப்சைட்டில் இருக்கிறது.

மாணவர்கள் வளர்த்த வெப்சைட்

படித்துக் கொண்டே விளையாட்டு வெப்சைட் நடத்தலாம் என்பதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு கிரிக்இன்போ. இது 1993 ஆம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. பல நாடுகளில் படித்துக் கொண்டும் ஆய்வு செய்து கொண்டும் இருந்த கிரிக்கெட் ரசிகர்கள், சம்பளம் எதுவும் இல்லாமல் இதில் சேர்ந்து உழைத்தனர். அவர்களில் முக்கியமானவர் நாகப்பட்டினத்தில் வளர்ந்த பத்ரி சேஷாத்ரி. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் பிஎச்.டி. ஆய்வு செய்தவர். 2004 ல் சென்னையில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே. இன்னொருவரான விஷால் மிஸ்ரா, பின்னாளில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் கம்ப்யூட்டர் அறிவியல் பேராசிரியர் ஆனார்.

கிரிக்இன்போவை 2003 ல் விஸ்டன் குழுமம் வாங்கியது. 2007 ல் அது ஈ.எஸ்.பி.என். கைக்குச் சென்றது. நாம் கற்க வேண்டியது இந்த வியாபாரத்தை அல்ல. முழு நேரமும் தர முடியாத பலர், ஆளுக்குக் கொஞ்சமாக வேலையைப் பகிர்ந்து கொண்டதால்தான் அந்த வெப்சைட் நின்றது. தனி ஒருவர் எல்லாவற்றையும் செய்ய முயன்றிருந்தால், படிப்பு நின்றிருக்கும் அல்லது வெப்சைட் நின்றிருக்கும்.

1. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

ஞாயிறன்று நான் வகுப்பில் இருப்பதால், மைதானத்தில் இருக்கும் நண்பர்கள் இருவர் ஸ்கோர் தாளை மொபைல் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கு வர இயலாவிட்டால் மற்றவர் அனுப்புவார். தாளில் தேதி, ஊர், இரு அணிகளின் பெயர், நடுவரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

2. கிழமையை முடிவு செய்யுங்கள்

"நேரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்று எண்ணினால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. எனக்குச் செவ்வாய் இரவு ஒரு மணி நேரம் ஸ்கோர் பதிய, புதன் இரவு ஒரு மணி நேரம் செய்தியும் படமும் தயாரிக்க, சனி இரவு ஒரு மணி நேரம் பேக்அப் எடுக்க. வாரத்திற்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். மற்ற இரவுகள் படிப்புக்கு. கூகுள் காலண்டரில் இந்த நேரங்களைப் பதிந்து, வாரந்தோறும் திரும்ப வருமாறு அமைத்துவிட்டால், கம்ப்யூட்டரே நினைவூட்டும்.

3. ஒரு முறை பதிந்தால் போதும்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் ஓர் ஒர்க் ஷீட் தயாரியுங்கள். ரெய்டு புள்ளி, போனஸ், பிடி புள்ளி, ஆல் அவுட் என நெட்டு வரிசைகள் அமைத்து, கடைசியில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் மொத்தம் கிடைக்கும். ஆல் அவுட் செய்த அணிக்கு இரண்டு புள்ளிகள் என்பதால், அந்தக் கட்டத்தில் எத்தனை முறை என்று பதியாமல் புள்ளிகளையே பதியவும். தாளில் உள்ள மொத்தமும் ஷீட்டில் உள்ள மொத்தமும் ஒத்துப் போகாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

பைல்களுக்குப் பெயர் தரும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2025-08-03 என்று தொடங்கும் பைலும் 2025-08-10 என்று தொடங்கும் பைலும் போல்டரில் தேதி வரிசையில் தாமாகவே நிற்கும். பாடக் குறிப்புகளுக்குத் தனி போல்டர் வைத்துக் கொள்ளுங்கள்.

4. படங்களைச் சிறிதாக்குங்கள்

மொபைல் போனில் எடுக்கும் படம் ஒன்று 4 எம்.பி. என்று வைத்துக் கொண்டால், 40 படங்கள் 160 எம்.பி. ஆகிவிடும். மலையில் கிடைக்கும் சிக்னலில் இவற்றை ஏற்றுவதற்குள் இரவு முடிந்துவிடும். விண்டோஸ் பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, அகலத்தை 1200 பிக்ஸெல் என அமைத்து, ஜேபெக் பைலாகச் சேவ் செய்திடுங்கள். படம் 200 கே.பி. அளவுக்குக் குறைந்தால், அதே 40 படங்கள் 8 எம்.பி.க்குள் அடங்கும். ஒரிஜினல் படங்களை அழித்துவிட வேண்டாம். வேறு பெயரில் சேவ் செய்வது நல்லது.

மற்ற தளங்களில் உள்ள படங்களை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். பள்ளி மாணவர்களின் படத்தையோ பெயரையோ வெளியிடும் முன் பெற்றோரிடம் அனுமதி பெறுங்கள். யாருடைய போன் எண்ணும் வெப்சைட்டில் வேண்டாம்.

5. வெளியிடும் நேரத்தைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள்

வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு செய்தியை எழுதி முடித்தபின், அது வெளியாக வேண்டிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அமைக்கலாம். பப்ளிஷ் என்ற பட்டன், ஷெட்யூல் என மாறும். எங்கள் முடிவுகள் வியாழன் காலை 6 மணிக்கு வெளியாகின்றன. அப்போது மின்சாரம் இல்லாவிட்டாலும், நான் பஸ்ஸில் இருந்தாலும் கவலை இல்லை. தமிழில் எழுதுவோர் யூனிகோட் முறையிலேயே டைப் செய்திடுங்கள். பார்ப்பவர் தனியாக எழுத்துரு எதனையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.

தேர்வு மாதங்களில், முடிவுகள் தேர்வுக்குப் பின்னரே வரும் என்று முதல் பக்கத்தில் அறிவித்துவிடுங்கள். ஸ்கோர் தாள்கள் மட்டும் வந்து சேர்ந்து கொண்டிருக்கட்டும். சொல்லிவிட்டு நிறுத்தினால் வாசகர்கள் காத்திருப்பார்கள். சொல்லாமல் நின்றுபோன வெப்சைட்டிற்குத் திரும்ப வர மாட்டார்கள்.

6. பேக்அப் கட்டாயம்

இலவசமாக இடம் தரும் நிறுவனம் என்றும் இருக்கும் என நம்பாதீர்கள். 1994 ல் தொடங்கிய ஜியோசிட்டிஸ், இலட்சக்கணக்கானோர் தங்கள் முதல் வெப்சைட்டை அமைத்த இடம். அதனை 1999 ல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. ஜப்பானியத் தளம் மட்டும் 2019 வரை இயங்கியது. காப்பி வைத்துக் கொள்ளாதவர்கள் பலரின் உழைப்பு அத்துடன் போனது.

வேர்ட்பிரஸ் தளத்தில் டூல்ஸ் பிரிவில் எக்ஸ்போர்ட் கிளிக் செய்தால், நீங்கள் எழுதியவை அனைத்தும் ஒரு பைலாகக் கிடைக்கும். படங்களைத் தனியே காப்பி எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணைய இடத்தில் ஒன்று என மூன்று காப்பிகள் இருக்கட்டும். உங்கள் பாடக் குறிப்புகளையும் இதே முறையில் பாதுகாக்கலாம்.

முதல் மாதத்தில் ஒரே ஒரு விளையாட்டு, வாரம் ஒரு செய்தி என்று தொடங்குங்கள். வேலைக்கும் படிப்புக்கும் இடையூறு இல்லாமல் மூன்று மாதம் நடத்த முடிந்தால், பிறகு விரிவாக்கலாம். உங்கள் ஊரில் நேற்று நடந்த ஆட்டத்தின் ஸ்கோரை வேறு யாரும் பதிந்து வைக்கப் போவதில்லை. அதற்கு வாரத்தில் மூன்று மணி நேரம் போதும்.