அழாதே கண்ணா... மாமா இன்னும் க்ளிக் பண்ணவே இல்லை!

எல்லா வியாபாரத்திலும் வாடிக்கையாளர்தான் ராஜா என்பார்கள். என் வியாபாரத்தில் அவர் நிஜமாகவே ராஜா. நேரத்துக்கு வர மாட்டார். வந்தால் தூங்குவார். எழுந்தால் அழுவார். இப்படித் திரும்பச் சொன்னால் அப்படித் திரும்புவார். புதுசாக வாங்கி மாட்டிய திரைச்சீலையின் மேல் ஒண்ணுக்குப் போவார். அத்தனையும் செய்துவிட்டு, பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள்... அந்த ஒரு விநாடிக்குத்தான் எனக்குக் காசு. அதை விட்டால் அன்றைய பொழுது அம்போ!

நான் தஞ்சாவூரில் குழந்தைகளை மட்டும் போட்டோ எடுக்கிறவன். கல்யாணம், கட்சி மாநாடு, கடைத் திறப்பு விழா எதுவும் கிடையாது. அதற்கு முன்னால் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதனாலேயோ என்னவோ, "ஒரு நல்ல காமிரா வாங்கினா நாமளும் சைடுல பண்ணலாமா ஸார்?" என்று கேட்டுக்கொண்டு டிபன் காரியரும் கையுமாக யாராவது ஒரு தம்பி வந்துகொண்டே இருக்கிறார். தாராளமாகப் பண்ணலாம். ஆனால் காமிராவை விடப் பெரிய முதலீடுகள் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கண்ணாடிக்குள் ஜடை

'கிரியேட்டிவ் போட்டோ' என்றதும் ஏதோ இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சமாச்சாரம் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிற பழைய ஆல்பத்தைத் தட்டிப் பாருங்கள். பெண் குழந்தைக்கு ஜடை நிறையப் பூத் தைத்து, பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்திருப்பார் யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர். முடியிறக்குவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பின்னல் போட்டு, பூச்சூட்டி ஒரு படம் இருக்கும். (அந்தப் 'பெண் குழந்தை' இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு, "அதை எதுக்கு இப்ப எடுத்தே?" என்று சத்தம் போடும்.) இதெல்லாம் கிரியேட்டிவ் இல்லாமல் வேறென்ன? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதை அவர்கள் பொக்கிஷம் என்கிறார்கள்!

கிருஷ்ணர் வேஷமும் அப்படித்தான். ஆவணியில் கோகுலாஷ்டமி வந்தால் எங்கள் பக்கத்து ஸ்டூடியோ வாசல்களில் மயிலிறகும் புல்லாங்குழலுமாகக் குட்டிக் கிருஷ்ணர்கள் க்யூவில் நிற்பார்கள். வெண்ணெய்ப் பானையோடு தவழ்கிற அந்த போஸ் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர் ஓவியத்தில் கொழுகொழுவென்று இருக்கிற கிருஷ்ணரைப் பாருங்கள். மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனி மாத வெண்ணெய்த்தாழி உற்சவத்தைப் பாருங்கள். பெருமாளே தவழும் குழந்தையாக, வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வருவார். ஜனங்கள் வெண்ணெயை வீசுவார்கள். காமிரா வருவதற்கு முன்பே இந்தச் சீமைக்கு அந்த போஸ் மனப்பாடம்.

கல் அசையாது, பிள்ளை அசையும்

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் படம் எடுத்தார். அடித்தளத்துக் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு நீளும் ஒரே படமாகச் செய்தார். பெரிய சாதனைதான். ஆனால் ஒரு சௌகரியம் பாருங்கள்... கல் அசையாது!

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தை இருக்குமா? அதற்கு வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் தலையோடு போர்வையைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். படத்தில் பார்த்தால் துணி போர்த்திய சோபாவில் குழந்தை உட்கார்ந்த மாதிரி இருக்கும். சோபா மூச்சு விடும், அவ்வளவுதான் வித்தியாசம்!

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மாள் 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த காமிராவைத் தொட்டார். 1864 ஜனவரியில் 'என் முதல் வெற்றி' என்று அவர் எழுதி வைத்தது ஆன்னி என்ற சின்னப் பெண்ணின் படத்தைத்தான். பிறகு குழந்தைகளுக்குச் சிறகு கட்டி தேவதைகளாகவும் எடுத்துத் தள்ளினார். 48 வயதில் ஒரு பாட்டிக்கு வந்த தைரியம் 28 வயதில் உங்களுக்கு வராதா?

வயசுக் கணக்கு

இந்தத் தொழிலின் முதல் பாடம் காமிராவில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. பிறந்து 5 நாளிலிருந்து 15 நாளுக்குள் குழந்தை அசந்து தூங்கும். அப்போது எடுத்தால் சுருண்டு படுத்த அழகு கிடைக்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை வெளியே அனுப்ப மாட்டார்கள். நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஃபேனை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். நமக்கு வியர்த்துக் கொட்டினால்தான் குழந்தைக்கு இதமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, நான்கு மாதத்தில் குப்புற விழுந்து தலை தூக்கும். ஆறு, ஏழு மாதத்தில் உட்காரும். எட்டு, ஒன்பதில் தவழும். ஒரு வயதில் நிற்கும். அப்புறம் ஓடும், பின்னால் நீங்களும் ஓடுவீர்கள். தவழுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 250-ல் ஒரு பங்காவது வேண்டும். ஓடுகிற பிள்ளைக்கு 500-ல் ஒரு பங்கு.

எங்கள் ஊர்த் தலையாட்டி பொம்மை இந்தத் தொழிலுக்கென்றே செய்தது. ஆறு மாதக் குழந்தை முன்னால் வைத்துத் தட்டிவிட்டால் கண்ணை எடுக்காது. ஆனால் பிறந்த குழந்தையிடம் பலிக்காது. அதற்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம் வரைதான் தெளிவாகத் தெரியும். அதற்கு அம்மா முகம்தான் பொம்மை.

வயல்வெளிக்குப் போகிறீர்களா? பச்சைப் பயிருக்கு நடுவே குழந்தையை நிறுத்தினால் இலையில் பட்ட வெளிச்சம் முகத்தில் ஏறி, மஞ்சள் காமாலை மாதிரி பச்சை அடிக்கும். கதிர் முற்றிப் பொன்னிறமானதும் சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் எடுங்கள். வயலே உங்களுக்கு இலவச லைட். வைக்கோல் போரில் உட்கார வைக்கு முன் கனமான வேட்டியை விரியுங்கள். நெல் சுணை பட்டால் பிள்ளை ராத்திரி பூராவும் தூங்காது. அதன் அப்பா உங்களைத் தூங்க விடமாட்டார்.

'செட்' போட ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம். ஒரு வீட்டில் அப்பாயி ஒருத்தர் முறத்தைக் கொண்டுவந்து, "இதுல போட்டு எடு தம்பி. இவங்க அப்பனைத் தவிட்டுக்கு வாங்கினது இதுலதான்" என்றார். முதல் பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை முறத்தில் போட்டு, பிறத்தியாருக்குக் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குகிற வழக்கம் இங்கே உண்டு. மூங்கில் முறம், வெள்ளைத் துணி, நடுவில் பேரன். எந்த வெளிநாட்டுக் கூடைக்கு அந்த அர்த்தம் வரும்?

கன்னத்தில் இருக்கிற திருஷ்டிப் பொட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடாதீர்கள். அழித்த படத்தை எந்தப் பாட்டியும் வாங்க மாட்டார்!

தவளை போஸ்

இப்போது கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைக்கலாம். பிறந்த குழந்தை இரண்டு முழங்கையையும் ஊன்றி, உள்ளங்கையில் மோவாயைத் தாங்கிக்கொண்டு யோசிக்கிற மாதிரி ஒரு படம் பார்த்திருப்பீர்கள். தவளை போஸ் என்பார்கள். "அதே மாதிரி வேணும் ஸார்" என்று செல்போனை நீட்டாத அப்பா இல்லை.

அது ஒரு படமே இல்லை, இரண்டு படங்கள். ஒன்றில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்து, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். இது தெரியாமல் பச்சைக் குழந்தையை அப்படி நிற்க வைத்தால் என்ன ஆகும்? கழுத்து நிற்காத வயசு. தலை சாய்ந்தால் மூச்சு முட்டும். யாராவது ஒருவர் கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் "அந்த போஸ் நம்மகிட்ட இல்லைங்க" என்று சொல்லிவிடுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

ஆறும் அப்படித்தான். ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் குழந்தையைக் கடைசிப் படியில் உட்கார வைத்து எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீருக்கு உங்கள் ஆசை தெரியாது. மேல் படியில் வைத்து, அம்மா கையைப் பிடித்திருக்க எடுங்கள். கை படத்தில் விழுந்தால் விழட்டும். பெரிய கோயிலுக்குள் ஸ்டாண்டு, லைட் வைத்து எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

காசு எப்போது வரும்?

டெல்டாவில் எல்லாத் தொழிலும் கடைசியில் விவசாயம்தான். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. சம்பா அறுப்பு தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பாங்க்கில் பணம் ஏறியதும் காதுகுத்தும் ஆல்பமும் வரும். மார்கழியில் ஈ ஓட்டலாம். தண்ணீர் வராத வருஷம் காமிராவும் காயும். ஆகவே தம்பி, முதல் வருஷம் வேலையை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

விலை வைக்கும்போது படம் எடுக்கிற இரண்டு மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். குழந்தை தூங்கக் காத்திருந்த நேரம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த ராத்திரிகள், துவைத்த திரைச்சீலை எல்லாம் சேரும். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். "சொந்தக்காரப் பய, சும்மா எடுக்க மாட்டியா?" என்பவர்களுக்கு ஒரு படம் இலவசமாகக் கொடுங்கள், ஆல்பம் கொடுக்காதீர்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். (தாண்டினால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்!)

இன்னொரு சட்டம் பலருக்குத் தெரியாது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான். "நான்தானே எடுத்தேன்" என்று ஷோகேஸில் மாட்டக் கூடாது. குழந்தையின் படத்தை விளம்பரத்துக்கு இன்டர்நெட்டில் போடுவது அதைவிடப் பெரிய விஷயம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எழுதி வாங்குங்கள். குளிக்கிற படம், துணியில்லாத படம் அம்மா சம்மதித்தாலும் வெளியே போக வேண்டாம். அந்தக் குழந்தை ஒருநாள் வளர்ந்து, வேலைக்குப் போய், உங்கள் கடை வாசலில் வந்து நிற்கும்.

காசிராமன் தெரு

இவ்வளவு ஜாக்கிரதை ஒரு போட்டோவுக்குத் தேவையா என்று கேட்பவர்களை நான் கும்பகோணத்துக்குப் போகச் சொல்வேன். 2004 ஜூலை 16-ந் தேதி காசிராமன் தெருப் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அந்தக் குழந்தைகளின் முகங்களைப் படமாக வைத்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பெற்றவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. படத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வயது ஏறவே இல்லை.

நான் தொழில்காரன், அந்த முகங்களைப் பார்க்கும்போதும் தொழில் புத்தி போகாது. இதில் எத்தனை படம் நல்ல வெளிச்சத்தில் எடுத்தது, எத்தனை படம் ஏதோ அவசரத்துக்கு எடுத்தது என்று கண் தேடும். எடுத்தபோது யாருக்கும் தெரிந்திருக்காது, இந்த முகத்தைத்தான் ஓர் அம்மா வருஷக்கணக்காகத் தடவிப் பார்க்கப் போகிறாள் என்று.

அதே வருஷம் டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்துக் கரையில் கடல் ஏறியபோது வீடும் போனது, சுவரில் மாட்டியிருந்த படமும் போனது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்தபோதும் ஆல்பங்கள் நனைந்தன. அப்படிப்பட்ட நாளில் ஊர் ஸ்டூடியோக்காரரிடம் ஒரு பிரதி இருந்தால் அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

அதனால்தான் இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு வேறு இடத்தில் என்பது என் கடைச் சட்டம். படத்தைச் செல்போனுக்கு அனுப்புவதோடு விடாமல், ஒரு பிரதியாவது காகிதத்தில் போட்டுக் கொடுப்பேன். போன் மாறும், கம்பெனி மாறும், பாஸ்வேர்டு மறக்கும். காகிதத்துக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

காமிரா வாங்கப் போகிற தம்பிகளே! லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதில் கொஞ்சம் பொறுமைக்கும் கொஞ்சம் பத்திரத்துக்கும் ஒதுக்குங்கள். காமிரா இல்லாத தம்பிகள் கவலைப்பட வேண்டாம். உங்கள் செல்போனில் மகனோ, மகளோ, அக்கா பிள்ளையோ சிரிக்கிற படம் ஆயிரம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றே ஒன்றைப் பிரின்ட் போட்டு, பின்பக்கம் பேரும் தேதியும் எழுதி, அம்மாவிடம் கொடுங்கள்.

எந்த ஸ்டூடியோவில் போட்டாலும் சரி. என்னிடம்தான் வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை!