உப்பைத் தடுக்கும் தோல்

சென்னைக் குடிநீர் வாரியம், ஏரிகளோடு இப்போது கடலையும் நம்பியிருக்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளுக்கு 10 கோடி லிட்டர் வீதம் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2019-இல் ஏரிகள் வறண்டபோது கைகொடுத்தது இந்தக் கடல்நீர்தான்.

இந்த நிலையங்களின் உயிர், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு. அடியில் பாலியெஸ்டர் துணி, நடுவில் நுண்துளைகள் கொண்ட பாலிசல்ஃபோன், மேலே பாலிஅமைடு பூச்சு. உப்பைத் தடுப்பது மேற்பூச்சு மட்டுமே. அதன் தடிமன் சுமார் 0.2 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் முந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. கடல்நீரைத் தள்ளும் அறுபது பார் அழுத்தத்தில் அது கிழியாமல் தாங்கத்தான் மற்ற இரண்டு அடுக்குகளும்.

இவ்வளவு மெல்லிய பூச்சை எந்தத் தூரிகையாலும் பூச முடியாது. பாலிசல்ஃபோனை முதலில் அமீன் கரைந்த தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு அதன்மேல் அமிலக் குளோரைடு கலந்த ஹெக்சேனைப் படரவிடுகிறார்கள். தண்ணீரும் ஹெக்சேனும் கலக்காதவை என்பதால், அவை தொடும் எல்லையில்தான் வினை நடக்கிறது. நொடிகளில் படலம் உருவாகிறது. உருவான படலமே இரண்டு வேதிப்பொருள்களையும் பிரித்துவிடுவதால் அதன் வளர்ச்சியும் தானே அடங்குகிறது. 1970-களில் வேதியியலாளர் ஜான் கடாட் வளர்த்தெடுத்த இந்த முறை வேதியியலின் அழகான சாதனைகளில் ஒன்று. அதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சலிஸில் நம் நாட்டு விஞ்ஞானி சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோபும் செல்லுலோஸ் அசிடேட் சவ்வை உருவாக்கி வழி திறந்திருந்தார்கள்.

பாலிஅமைடுக்குக் குளோரின் ஆகாது. கிருமியைக் கொல்லக் கலந்த குளோரினை, சவ்வைத் தொடுமுன் நீக்கியாக வேண்டும். தப்பிய பாக்டீரியா சவ்வில் ஒட்டிப் பெருகி வழுவழுவென்று படிகிறது. நீர்வரத்து குறைகிறது, மின்செலவு ஏறுகிறது.

அதனால்தான் பூச்சின்மேல் இன்னொரு பூச்சு. நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் பொருளைப் பூசினால், அழுக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை. பாறையில் ஒட்டிவாழும் சிப்பியின் பசையைப் பார்த்து, 2007-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் ஒரு வழி கண்டார்கள். லேசான காரத்தன்மை உள்ள நீரில், அந்தப் பசையை ஒத்த டோபமைனைக் கரைத்தால் கரைசல் பழுப்பாகிக் கறுக்கும். அதில் அமிழ்த்திய எந்தப் பொருள்மீதும் மெல்லிய படலம் படியும். சவ்வுகளுக்கும் அதைப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதன் தடிமன் கொஞ்சம் கூடினாலும் நீர்வரத்து குறைந்துவிடும்.

கடலைவிடக் கழிவுநீரில்தான் இந்த இரண்டாம் பூச்சின் தேவை அதிகம் என்பது என் எண்ணம். கோயம்பேடும் கொடுங்கையூரும் 2019 முதல் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. அந்த நீரில் சவ்வை அடைக்கும் கரிமப் பொருள் ஏராளம். ஆய்வகத்தில் சில நாள் நன்றாக உழைக்கும் பூச்சு, அங்கே அமிலமும் காரமும் விட்டு மீண்டும் மீண்டும் கழுவுவதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.