அமானிதமாய் வரும் மழலைகள்



மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் விளாங்குடியைக் கடந்தால் பரவை வந்துவிடும். காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். பொழுது புலருமுன்பே அங்கே மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். காய் தரம் பிரிப்பவர்கள், கூடை நிறைய வாங்கிச் சென்று தெருத் தெருவாய் விற்பவர்கள், ஆலைக்கும் கடைக்கும் அலுவலகத்திற்கும் பேருந்து பிடிப்பவர்கள் எனப் பெண்கள் பலர் அந்த வேளையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும்.

அவர்களில் ஒருத்திக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருப்பதாக எண்ணிப் பாருங்கள். வீட்டில் நன்னி இருந்தால் கவலையில்லை. நன்னி நோயில் படுத்தவராகவோ வெளியூரில் இருப்பவராகவோ இருந்தால் என்ன செய்வாள்? மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தூளியருகே உட்கார வைப்பாள். இளைய குழந்தையைக் காக்க மூத்த பெண்ணின் படிப்பு பலியாகிறது. இல்லையெனில் தாயின் வேலை பறிபோகிறது. இந்த இரண்டுக்கும் இடையே நிற்கும் மூன்றாவது வழிதான் குழந்தைக் காப்பகம்.

வீட்டோடு இருந்தே கண்ணியமாக ஒரு தொழில் செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு இது ஏற்ற தொழில். பெரிய முதலீடு வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்காமலே சிறிதாகத் தொடங்கலாம். ஆனால் தொடங்குவது எளிது, வளர்ப்பதுதான் கடினம். ஏனெனில் இங்கே நம்மிடம் ஒப்படைக்கப்படும் பொருள் துணியோ அரிசியோ அன்று. ஒரு தாயின் உயிர்! அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் தொழிலை வளர்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தேவை எங்கே இருக்கிறது?

'அங்கன்வாடிகள்தாம் இருக்கின்றனவே' என்று கேட்கலாம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் இன்று அது சிற்றூர்கள் வரை பரவியிருக்கிறது. சத்துணவும் ஆரம்பக் கல்வியும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் கைக்குழந்தையை நாள் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பொதுவாக அங்கே இல்லை. தாய் அதிகாலையில் வேலைக்குப் போய் அந்தியில் திரும்புகிறாள் என்றால், அந்த நேரத்திற்கேற்பக் கதவைத் திறந்து வைத்திருக்க வேறொருவர் வேண்டும்.

இதை நன்கு உணர்ந்து செயல்பட்டவர்கள் அகமதாபாத் பெண்கள். எளா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய 'சேவா' அமைப்பில் தெருவில் காய்கறி விற்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் உறுப்பினர்கள். அவர்களின் குழந்தைகளுக்காக 1986இல் 'சங்கினி' என்னும் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களே அதன் உறுப்பினர்கள். அவர்களே அதன் உரிமையாளர்கள். தாய்மாரின் வேலை நேரத்தையொட்டியே காப்பக நேரம் வகுக்கப்பட்டது. ஏழைத் தாய்மாரும் தம்மால் இயன்ற கட்டணத்தைச் செலுத்தினார்கள்.

பரவையில் காப்பகம் திறக்க எண்ணும் சகோதரி முதலில் செய்ய வேண்டியது வாடகைக்கு இடம் தேடுவதன்று. தம் தெருவிலும் அடுத்த தெருவிலும் வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர், எப்போது புறப்படுகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் சந்தைக்குப் போகும் தாய்க்கு என்ன பயன்?

கொட்டாம்பட்டி கற்றுத் தந்த பாடம்

தூரத்து ஊரை மட்டும் எடுத்துக்காட்டுவானேன்? நம் மதுரை மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980இல் முதன்முதலாக மேலூருக்கு அப்பாலுள்ள கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் சோதனையாகத் தொடங்கப்பட்டது. ஒரே ஒரு வட்டாரத்தில் செய்து பார்த்து, குறைகளைத் திருத்திக்கொண்ட பிறகே மற்ற இடங்களுக்குக் கொண்டு சென்றார்கள். பின்னர் அது 173 வட்டாரங்களில் ஏறத்தாழ 9,000 மையங்களாக விரிந்தது.

அது அரசுத் திட்டம். நாம் நடத்துவது தொழில். ஆயினும் அதன் நடைமுறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, ஆள் தேர்வு. அந்த ஊரையே சேர்ந்த பெண்ணைத் தேடினார்கள். வறுமையிலும் தம் சொந்தக் குழந்தைகளை ஆரோக்கியமாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தந்தார்கள். சான்றிதழைவிட உறுதியான சான்று அதுவன்றோ!

இரண்டாவது, எடைக் கணக்கு. மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்து அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். தாய்க்கும் அந்த அட்டையைக் காட்டி விளக்கினார்கள்.

மூன்றாவது, மேற்பார்வை. சுமார் பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். குறை காண்பது மட்டும் அவர் வேலையன்று. உடனிருந்து கற்றுக்கொடுப்பதும் அவர் கடமையே.

பதினொன்றாவது குழந்தை

இனிக் கணக்குக்கு வருவோம். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் காப்பகங்களுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஆள் இருக்க வேண்டும் என்கிறது அது. இந்த எண்தான் காப்பகத் தொழிலின் உயிர்நாடி.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது. எல்லாரும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள். ஒரு குழந்தைக்கு மாதக் கட்டணம் ரூ. 2,000. பால், சிற்றுண்டி, சோப்பு வகையில் ஒரு குழந்தைக்குச் செலவு ரூ. 400. எனவே குழந்தைக்கு ரூ. 1,600 மிஞ்சும். வாடகையும் மின்சாரமும் ரூ. 5,000. ஓர் ஆயாவின் சம்பளம் ரூ. 9,000. நடத்தும் சகோதரி மேற்பார்வைக்கு எப்போதும் உடன் இருக்கிறார்.

பத்துக் குழந்தைகள் இருந்தால் கைக்கு வருவது ரூ. 16,000. செலவு ரூ. 14,000. மீதம் ரூ. 2,000.

இப்போது பதினொன்றாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வாசலில் நிற்கிறாள். சேர்த்துக்கொண்டால் இரண்டாவது ஆயா வேண்டும். வரவு ரூ. 17,600, செலவு ரூ. 23,000. மாதம் ரூ. 5,400 நட்டம்! குழந்தைகள் பதினைந்தாகும்போதுதான் நட்டம் தீர்ந்து ரூ. 1,000 மிஞ்சும். இருபதானால் மீதம் ரூ. 9,000 ஆகும்.

ஆகவே பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. பல காப்பகங்கள் தடுமாறுவது இந்தப் பள்ளத்தில்தான். 'இன்னொரு குழந்தைதானே, ஒரே ஆயா சமாளித்துக்கொள்வாள்' என்ற எண்ணம் வரும். பதினொன்று பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினான்காகும். கணக்கேட்டில் இலாபம் தெரியும். ஆனால் ஆயா ஒரு குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு குழந்தை எதை வாயில் போட்டுக்கொண்டது என்று பார்க்க ஆள் இருக்காது.

நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, பதினொன்றாவது தாயிடம் உண்மையைச் சொல்லிப் பெயரை எழுதிக்கொள்வது. ஐந்து பெயர்கள் சேர்ந்ததும் ஆயாவை அமர்த்திக்கொண்டு அனைவரையும் சேர்ப்பது. மற்றொன்று, சில மாத நட்டத்தைத் தாங்குமளவு பணத்தை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு ஆயாவை முதலில் அமர்த்துவது. 'இப்போது இடமில்லை' என்று சொல்லும் காப்பகத்தின் மீதுதான் தாய்மாருக்கு நம்பிக்கை பிறக்கும்.

ஆயாவின் முகமே காப்பகத்தின் முகம்

குழந்தை பழகுவது பெயர்ப் பலகையோடு அன்று. தன்னைத் தூக்கும் கைகளோடு. மாதத்திற்கோர் ஆயா மாறினால் குழந்தை ஏங்கிப்போகும். ஆகவே நல்ல ஆயாவைத் தக்கவைத்துக்கொள்வதே தலைமை ஏற்பவரின் முதல் திறமை. சம்பளம் குறித்த நாளில் கையில் கிடைக்க வேண்டும். வார ஓய்வு வேண்டும். அவர் விடுப்பெடுக்கும் நாளுக்கு மாற்று ஆள் முன்னரே பழக்கப்பட்டிருக்க வேண்டும். பெற்றோர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. அவருடைய சொந்தக் குழந்தைக்கும் அங்கே ஓரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எளிதில் விட்டுப் போக மாட்டார்.

அதேவேளையில் சில விதிகளில் தளர்ச்சியே கூடாது. குழந்தையை அடித்தல், அச்சுறுத்தல், அறையில் பூட்டிவைத்தல் ஒருநாளும் ஆகாது. பணியில் சேர்ப்பதற்கு முன் காவல்துறை மூலம் நன்னடத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. குழந்தையை அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்களின் பெயரும் படமும் ஏட்டில் இருக்க வேண்டும். அத்தாவின் நண்பர் என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும், தாயிடம் கேட்காமல் குழந்தையை அனுப்பக் கூடாது.

ஒரு கணக் கவனக்குறைவு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதுரை கே.கே. நகரில் தனியார் மழலையர் பள்ளி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை உயிரிழந்த செய்தியைக் கேட்டு நெஞ்சு பதறாதவர் யார்? 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீ 94 பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டது. அந்தத் தாய்மாரும் காலையில் தலை வாரிவிட்டு, நம்பிக்கையோடுதானே அனுப்பிவைத்தார்கள்?

ஆகவே நாள்தோறும் முதல் குழந்தை வருமுன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நிலத்தடித் தொட்டியின் மூடி பூட்டப்பட்டிருக்கிறதா? வாளியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? அடுப்பும் எரிவாயு உருளையும் குழந்தைகள் இருக்கும் அறையிலிருந்து தடுக்கப்பட்டிருக்கின்றனவா? மின் செருகிகள் எட்டாத உயரத்தில் உள்ளனவா? வாயிற்கதவின் தாழ் சரியாக விழுகிறதா? மருந்துகள் பூட்டிய பெட்டியில் உள்ளனவா? பார்த்து முடித்ததும் ஏட்டில் கையொப்பமிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்த படி

காப்பகத்திற்குப் புதிய வாய்ப்பொன்றைச் சட்டமும் திறந்து வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் அறை வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கவும் வழி செய்தது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் வெளியாரின் பொதுக் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ள இடமளிக்கிறது. அருகிலுள்ள ஆலையையோ கடைத் தொகுதியையோ அணுகி, 'உங்கள் ஊழியரின் குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று துணிந்து கேட்கலாம். நிறுவனத்தின் பங்கும் சேரும்போது ஏழைத் தாயின் சுமை குறையும்.

ஆனால் இரண்டாவது காப்பகம் திறக்க எப்போது துணியலாம்? ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் ஒரு மாத காலம் அங்கே நிற்காமலேயே, முதல் காப்பகம் அதே நேரத்தில் திறந்து, அதே தூய்மையோடும் அதே அன்போடும் நடைபெற வேண்டும். அவ்வாறு நடத்தவல்ல ஒருவரை உங்கள் ஆயாக்களிலிருந்தே நீங்கள் உருவாக்கியிருந்தால், இரண்டாவது இடத்திற்குப் பூட்டு வாங்குங்கள். இல்லையேல் பொறுத்திருங்கள். கொட்டாம்பட்டியில் தொடங்கியவர்களும் ஒன்றைச் செப்பனிட்ட பின்னரே அடுத்ததற்குச் சென்றார்கள்.

சகோதரிகளே! ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த நகையை அவர் கேட்கும்போது குன்றிமணியும் குறையாமல் திருப்பித் தருகிறோம். அதை அமானிதம் என்கிறோம். காலையில் உறங்கும் குழந்தையை நம் கையில் தந்துவிட்டுச் சந்தைக்கு விரையும் தாய் தருவதும் அமானிதமே. மாலையில் அவள் வரும்போது, வயிறு நிறைந்து, முகம் மலர்ந்து அக்குழந்தை அவளிடம் தாவிச் செல்ல வேண்டும். அப்படி எத்தனை குழந்தைகளை நம் கைகளால் காக்க இயலுமோ, அத்தனை பேரையே ஏற்போம். அதுவே நம் காப்பகத்தின் அளவாக இருக்கட்டும்.