வைத்தியரை உருவாக்குவது எது?

நீட் தேர்வின் முடிவுகள் வெளியாகித் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் தொடங்கிவிட்டால், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வேறு பேச்சுக்கே இடமிருப்பதில்லை. எங்கேனும் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்ற ஏக்கமே அவர்களில் பெரும்பாலோருக்கு உரியது. ஆயினும், அகில இந்திய ஒதுக்கீட்டில் தொலைவான மாநிலமொன்றில் ஓர் இடமும், மாநில ஒதுக்கீட்டில் வீட்டுக்கு அருகே மற்றோர் இடமும் ஏககாலத்தில் கைக்கு எட்டி, எதைக் கொள்வது, எதை விடுவது என்று நிலைகொள்ளாமல் தவிக்கும் பாக்கியசாலிகளும் சிலர் உண்டு. படிப்புக் காலம் நான்கரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு என ஐந்தரை ஆண்டுகளை ஒருவர் எங்கே, யாரிடம், எப்படிப்பட்ட நோயாளிகளின் நடுவே கழிக்கப்போகிறார் என்பதை நிர்ணயிக்கும் தீர்மானம் அது. அக்கம்பக்கத்தார் சொல்லும் அபிப்பிராயத்தை மட்டும் நம்பி எடுத்துவிடத் தக்கதன்று.

இந்த மண்ணில் அப்படியொரு தவிப்பு எழுவதே புதுமை. 1995-இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது; அதிலிருந்து 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007-இல் நிலையாகத் தனி ஜில்லாவாயிற்று. மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம் ஒருபுறமும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மறுபுறமுமாக அமைந்த இப்பிரதேசத்து மக்கள், பெரிய வைத்தியம் வேண்டுமானால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓடியவர்கள். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் 2011-இல் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாக, 150 இடங்களோடு அரியலூர்க் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அதன் அரங்கம் அனிதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிட்டாமல் 2017-இல் உயிர்துறந்த குழுமூர்ப் பெண் அவர். ஓர் இடத்தின் அருமை இன்னதென்று இந்த ஜில்லாவுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இரண்டு இடங்கள் கிடைத்தால் எதை வைத்துத் தேர்வது? கட்டடத்தின் பொலிவையா, கல்லூரியின் வயதையா, பெயரின் கீர்த்தியையா? வைத்தியக் கல்வியின் சரித்திரம் இதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அந்த விடையை மிகவும் கடினமான வழியில் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ஆஸ்டியோபதி மருத்துவர்கள். ஆகையால் அவர்களுடைய கதையைச் சற்றே நோக்குவது பிரயோஜனமுள்ளது.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர், 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகள் அவர்களைக் காக்க உதவவில்லை என்ற வேதனையில், மருந்தின் மீதே நம்பிக்கை இழந்து, எலும்பும் தசையும் தம் ஸ்தானத்தில் ஒழுங்காக அமைந்திருந்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற ஆஸ்டியோபதிக் கொள்கையை 1874-இல் அறிவித்து, 1892-இல் மிசௌரி மாகாணத்தின் கர்க்ஸ்வில் நகரில் ஒரு கலாசாலையையும் ஸ்தாபித்தார். எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்னும் அளவுக்கு அவர் சென்றதைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், விரல் நுனிக்கு அறிவு வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது வீண்போகவில்லை.

1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆஸ்டியோபதிப் பள்ளிகள் எட்டும் அந்த ஆய்வுக்குத் தப்பவில்லை. பள்ளியின் விளம்பரம் எவ்வளவு அழகானது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பரிசோதனைச்சாலை உண்டா, மாணவர் பயில ஆஸ்பத்திரி உண்டா, அதில் நோயாளிகள் உண்டா என்றே கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாத பல பள்ளிகள் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன. எஞ்சிய ஆஸ்டியோபதிக் கலாசாலைகள் படிப்படியாகத் தம்மைத் திருத்திக்கொண்டு, மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் முறையாகக் கற்பிக்கலாயின. இன்று ஆஸ்டியோபதியில் டி.ஓ. பட்டம் பெற்றவர், எம்.டி. பட்டம் பெற்றவரைப் போலவே, அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் முழு உரிமையோடு வைத்தியம் செய்கிறார். 2020 முதல் இரு சாராருக்கும் மேற்பயிற்சிக்கான அங்கீகார முறையும் ஒன்றே. அங்கே மருத்துவம் பயிலும் மாணவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஆஸ்டியோபதிக் கல்லூரியைச் சேர்ந்தவர்.

அக்கல்லூரிகளில் பலவற்றுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் கழிந்தபின், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மாணவர்களைப் பற்பல ஊர்களின் சமூக மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆதலால், அங்கே இரு கல்லூரிகளில் இடம் கிடைத்த விவேகமுள்ள மாணவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, மூன்றாம் ஆண்டில் என்னை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், அங்கே எனக்குக் கற்றுத்தருபவர் யார் என்பதுதான். ஃபிளெக்ஸ்னர் கேட்டதும் இதையே; அரியலூர் மாணவர் கேட்க வேண்டியதும் இதையே.

கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம்

நோயாளி எப்படி ஆசிரியராகிறார் என்பதை நம் வயற்காட்டு உதாரணங்களைக் கொண்டே பார்க்கலாம். மக்காச்சோளக் கொல்லையில் இரவு நீர் பாய்ச்சப் போன உழவர் ஒருவரைப் பாம்பு தீண்டிவிடுகிறது. எந்தப் பாம்பென்று அவருக்குத் தெரியாது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் அப்போது நடப்பது மிக எளிய ஒரு பரிசோதனை: புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி லிட்டர் இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் நிறுத்திவைத்துப் பின் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் கட்டியாக உறைந்திருந்தால் அப்போதைக்கு ஆறுதல். நீராக வழிந்தால், கண்ணாடி விரியன் போன்றதொரு பாம்பின் விஷம் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்தைத் தொடங்கியாக வேண்டும்.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும்? கண்ணாடியின் ஸ்பரிசமே உறைதலைத் தூண்டிவிடும். பிளாஸ்டிக் குழாய்க்கு அந்தக் குணமில்லை. ஏன் புதிதாக இருக்க வேண்டும்? சோப்பு போட்டுக் கழுவிய குழாயில் ஒட்டியிருக்கும் எச்சம், நல்ல இரத்தத்தையும் உறையவிடாமல் தடுத்து வைத்தியரை ஏமாற்றிவிடும். இந்த நுட்பங்கள் புத்தகத்திலும் உண்டு. ஆனால் நள்ளிரவில் அந்தக் குழாயைத் தம் கையால் சாய்த்துப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் மனைவி மக்களின் முகத்தையும் பார்த்த மாணவர் அவற்றை ஆயுள் முழுதும் மறக்கமாட்டார். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிற்று. இந்த வித்தையில் தேர்ந்த வைத்தியர்கள் நமக்கு எத்தனை பேர் இருந்தாலும் மிகையாகாது.

பருத்திக்கு மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவரின் நிலையோ வேறு. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி, நரம்பின் செய்தியைத் தசைக்கும் சுரப்பிகளுக்கும் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைத்து அகற்றும் நொதியை முடக்கிவிடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் கண்மணி குண்டூசி முனையளவு சுருங்குகிறது, உமிழ்நீரும் வியர்வையும் பெருகுகின்றன, நாடி தளர்கிறது, நுரையீரல் நீரில் மூழ்குகிறது. மாற்று மருந்தாகிய அட்ரோபினை ஊசியில் ஏற்றி, ஐந்து நிமிஷம் பொறுத்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நீர்ச்சத்தம் அடங்கவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்கி, மறுபடியும் கேட்டு, நுரையீரல் தெளியும்வரை இதையே செய்துகொண்டிருக்க வேண்டும். எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதைச் செவிதான் தீர்மானிக்கிறது. அந்தச் செவி பழுத்த ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகியதாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கையும் அருகாமையும்

ஆகவே கல்லூரியை அளக்கும் கோல்கள் இரண்டு: எவ்வளவு நோயாளிகள் வருகிறார்கள் என்பது ஒன்று, மாணவருக்கும் நோயாளிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது மற்றொன்று. 150 மாணவரைச் சேர்க்கும் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் 605 படுக்கைகள் வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வகுத்த நியதி. படுக்கைகளின் தொகையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அவற்றில் நோயாளிகள் இருக்கிறார்களா, இரவிலும் பிரசவமும் விபத்துச் சிகிச்சையும் நடக்கின்றனவா என்று நேரில் சென்று பார்ப்பது உத்தமம். புராதனமான பெருங்கல்லூரிகளில் அரிய நோய்களையும் பேராசிரியர்களின் நீண்ட பரம்பரையையும் காணலாம். ஆனால் முதுநிலை மாணவர்கள் நிறைந்திருப்பதால், இளநிலை மாணவர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்க நேர்வதும் உண்டு. புதிய ஜில்லாக் கல்லூரியில் அரிய நோய்கள் குறைவாயிருக்கலாம். ஆயினும் மாணவரின் கை நோயாளியின் உடலை விரைவில் எட்டக்கூடும். எது மேல் என்பதற்குப் பொது விதி இல்லை. அந்தந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும், இதுவரை உங்கள் கையால் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், வார்டில் ஆசிரியர் உங்களோடு எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேட்டால் நிலவரம் விளங்கிவிடும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் எழுதுவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர் இருவர், மாணவரையும் கல்லூரிகளையும் எப்படி இணைத்தால் பின்னால் இரு தரப்பும் வருந்தி மாறிக்கொள்ள நினைக்காது என்ற கேள்விக்கு 1962-இல் விடை கண்டார்கள். ஆல்வின் ராத் அந்த மார்க்கத்தை அமெரிக்க மருத்துவர்களின் பயிற்சி இடத் தேர்வில் பொருத்திச் செம்மைப்படுத்தினார். ஷாப்லியும் அவரும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றனர். அந்தக் கணிதத்தின் சாரம் நம் பிள்ளைகளுக்கும் உரியது. தரவரிசைப்படி இடம் வழங்கும் ஒரு சுற்றில், மெய்யான விருப்பத்தை மெய்யான வரிசையில் எழுதுவதால் ஒருவருக்கும் நஷ்டம் நேராது. முதலில் எழுதிய இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது பரிசீலிக்கப்படுமே தவிர, முதலாவதை ஆசைப்பட்டதற்காகத் தண்டனை ஒன்றும் இல்லை. இது நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற அச்சத்தால் விரும்பிய கல்லூரியைப் பட்டியலின் அடியில் எழுதுவது, கையிலுள்ள உரிமையைத் தாமே கைவிடுவதாகும்.

பணத்தைப் பற்றியும் கூச்சமின்றி யோசிக்க வேண்டும். 2020-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பெற்ற அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்களுக்கோ அரசுக் கல்லூரியின் செலவுக்கும் தனியார் கல்லூரியின் செலவுக்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரிது. கடன் சுமையோடு வெளிவரும் இளம் வைத்தியர், எங்கே சேவை செய்ய வேண்டும் என்பதை மனச்சாட்சியைக் கொண்டு தீர்மானிக்க இயலாமல், எங்கே சம்பளம் மிகுதி என்பதைக் கொண்டு தீர்மானிக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறார். இரண்டு கல்லூரிகளின் தரம் ஏறத்தாழ சமம் என்று தோன்றினால், கடன் குறைந்ததைத் தேர்வதே விவேகம்.

மண்ணின் பங்கு

கிராமப் பின்னணியிலிருந்து வந்த மாணவர், படித்து முடித்தபின் கிராமப்புறத்தில் வைத்தியம் செய்ய முன்வருவது மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுமாறும், மருத்துவப் பள்ளிகளைத் தலைநகரங்களுக்கு வெளியே அமைக்குமாறும் அரசுகளுக்கு எடுத்துரைத்தது. நம் நாட்டின் பாடத்திட்டத்திலும், ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுதும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனித்துவரும் திட்டம் இப்போது இடம்பெற்றிருக்கிறது. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ பிறந்த பெண் அரியலூரில் பயின்றால், அந்தக் குடும்பங்களின் பேச்சும் பயிரும் பஞ்சமும் அவளுக்கு முன்பே தெரிந்தவை. நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னால் பாட்டி எதைக் குறிக்கிறாள் என்பதை அறிய அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. சுரங்கத்து வேலைக்குப் போகும் ஒருவர் இருமினால், எத்தனை ஆண்டாகப் புழுதியில் நிற்கிறீர்கள் மாமா என்று கேட்க அவளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நோயின் வரலாற்றைச் சரியாகக் கேட்டறிவதே ரோக நிர்ணயத்தில் பெரும்பகுதி என்பதால், இந்த உரிமை சாதாரணமான மூலதனமன்று.

தொலைவிலுள்ள பெரிய கல்லூரிக்குச் செல்பவர் தவறு செய்கிறார் என்பதன்று என் கருத்து. புது ஊரும் புது மொழியும் மனத்தை விசாலமாக்கும். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவருக்கு அங்கேதான் வழி திறக்கும். ஆனால் ஊருக்கு அருகே உள்ளது, புதிதாக வந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு கல்லூரியைத் தாழ்வாக எண்ணுவதற்கு விஞ்ஞானத்தில் யாதொரு ஆதாரமும் இல்லை. நிறைந்த வார்டு, உடன் நிற்கும் ஆசிரியர், தாங்கத்தக்க செலவு ஆகிய மூன்றும் எங்கே கூடுகின்றனவோ அதுவே நல்ல கல்லூரி. அது சென்னையிலும் இருக்கலாம், அரியலூரிலும் இருக்கலாம். பெற்றோர் இவற்றைத் தாமே சென்று விசாரித்து, முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். ஏனெனில் ஐந்தரை ஆண்டும் அந்த வார்டில் விழித்திருக்கப்போவது பிள்ளைதான். அங்கே அவர் கற்றதை நம்பிப் பின்னாளில் உயிரை ஒப்படைக்கப்போவது இந்த ஜில்லாக்களின் ஜனங்கள்தாம்.